அமெரிக்க வாக்குரிமைச் சீர்திருத்த வரலாற்றில் தமிழ்: நியூஜெர்சி, டெக்சாஸ், கலிபோர்னியா விரிகுடாப் பகுதி – ஓர் ஒப்பீடு

முன்னுரை

தமிழரின் தேர்தல் மரபு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் உத்திரமேரூரிலிருந்தே தொடங்குகின்றன. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் வெட்டப்பட்ட அவ்வூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. முதற் கல்வெட்டு வகுத்த 30 முதல் 60 வரையிலான வயது வரம்பை இரண்டாண்டுகளில் 35 முதல் 70 என இரண்டாம் கல்வெட்டு மாற்றியது. கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் விலக்கியது. ஆகவே, தேர்தல் சீர்திருத்தம் என்னும் கருத்து தமிழகத்துக்குப் புதியதன்று. எனினும், அது நிலமும் கல்வித் தகுதியும் உடைய அந்தணரிடையே நிகழ்ந்த குலுக்கல் தேர்வே என்பதையும், அனைவர்க்கும் உரிய வாக்குரிமையாக அதனைக் கொள்ளுதல் பொருந்தாது என்பதையும் மறத்தலாகாது.

அக்கல்வெட்டில் அதிகம் பேசப்படாத கூறு ஒன்றுண்டு. சிறுவன் எடுத்துக் கொடுக்கும் ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏற்று, அவையோர் கேட்க வாசித்தல் வேண்டும். அதன்பின் அங்கிருக்கும் நம்பிமார் அனைவரும் அதனை வாசித்தல் வேண்டும். ஓலை வாசிக்கப்படுவதும், அவ்வாசிப்பு பிறரால் சரிபார்க்கப்படுவதும் தேர்தலின் நம்பகத்தன்மைக்கு இன்றியமையாதனவாகக் கருதப்பட்டன. வாக்குச்சீட்டை யார் வாசிக்க இயலும், எந்த மொழியில் வாசிக்க இயலும் என்னும் வினா ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர் ஐக்கிய அமெரிக்காவில் குடியேறிய தமிழர் முன்னும் எழுந்துள்ளது. நியூஜெர்சி, டெக்சாஸ், கலிபோர்னியா ஆகிய மூன்று மாநிலங்களில் அவ்வினாவுக்குச் சட்டம் தந்த மூவகை விடைகளை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. அரசு மக்களை எவ்வாறு எண்ணுகிறதோ அதற்கேற்பவே வாக்குச்சீட்டில் அவர்தம் மொழி இடம்பெறுகிறது என்பதே இவ்வொப்பீட்டால் பெறப்படும் முடிவு.

குடியுரிமையும் வாக்குரிமையும்

அமெரிக்காவில் வாக்குரிமை நேர்க்கோட்டில் வளர்ந்ததன்று. நியூஜெர்சியின் 1776ஆம் ஆண்டு அரசமைப்பு, 50 பவுன் மதிப்புள்ள உடைமையும் ஓராண்டு வசிப்பும் உடைய 'குடியிருப்போர் அனைவர்க்கும்' வாக்குரிமை அளித்தது. அச்சொல்லாட்சியின் வழியே உடைமையுள்ள பெண்டிரும் கறுப்பினத்தவரும் வாக்களித்தனர். 1807இல் மாநிலச் சட்டமன்றம் அவ்வுரிமையைப் பறித்து, வரிசெலுத்தும் வெள்ளையின ஆடவர்க்கு மட்டும் என வரையறுத்தது. கொடுக்கப்பட்ட வாக்குரிமை திரும்பப் பெறப்படவும் கூடும் என்பதற்கு இது தொடக்ககாலச் சான்றாகும். இனத்தின் பெயரால் வாக்குரிமையை மறுக்கலாகாது என்னும் 15ஆம் அரசமைப்புத் திருத்தம் 1870இல் நடைமுறைக்கு வந்த மறுநாளே, மார்ச் 31ஆம் நாள், தாமஸ் மண்டி பீட்டர்சன் என்னும் கறுப்பினத்தவர் பெர்த் அம்பாய் நகரில் வாக்களித்தார். அத்திருத்தத்தின்கீழ் வாக்களித்த முதல் கறுப்பினக் குடிமகன் என அவர் அறியப்படுகிறார். பெர்த் அம்பாய் அமைந்திருக்கும் மிடில்செக்ஸ் மாவட்டமே இன்று எடிசன் முதலிய ஊர்களில் இந்தியவழி மக்கள் செறிந்து வாழும் மாவட்டம்.

இந்தியர்க்கு இத்திருத்தத்தால் பயன் விளையவில்லை. குடியுரிமை பெறுதற்கே அவர்கள் தகுதியற்றவர்களாகக் கருதப்பட்டமையே காரணம். 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில் இந்தியர் 'வெள்ளையர்' என்னும் வரையறைக்குள் அடங்கார் எனத் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம் அவ்வழியை அடைத்தது. 1946ஆம் ஆண்டின் லூஸ்–செல்லர் சட்டம் ஆண்டுக்கு 100 இந்தியர்க்குக் குடியேற்ற இடமளித்ததோடு, குடியுரிமை பெறும் தகுதியையும் வழங்கியது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த வானியற்பியலறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1953இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றமை இச்சட்ட மாற்றத்தால் இயன்றதாகும்.

1965ஆம் ஆண்டு இரு சட்டங்களால் திருப்புமுனையாயிற்று. ஆகஸ்ட் 6இல் வாக்குரிமைச் சட்டத்திலும், அக்டோபர் 3இல் நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்த குடியேற்றச் சட்டத்திலும் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கையொப்பமிட்டார். முன்னது தென்மாநிலக் கறுப்பின மக்களின் நெடும் போராட்டத்தால் விளைந்தது. பின்னது தமிழர் உள்ளிட்ட ஆசியர் பெருமளவில் குடியேற வழிவகுத்தது. தமிழர் நுழைந்த கதவை ஒரு சட்டம் திறந்தது. அவர்கள் பின்னாளில் பயன்படுத்திய வாக்குரிமைக் காப்பை மற்றொன்று அமைத்தது. இரண்டாவதற்காகத் தமிழர் எவரும் போராடியிருக்கவில்லை என்பது வரலாற்றில் குறித்துக்கொள்ளத்தக்கது.

குடியுரிமையின்றி வாக்குரிமை நிலையாது என்பதைத் தமிழினத்தின் மற்றொரு பகுதி கசப்புடன் அறிந்திருந்தது. 1931இல் டொனமூர் அரசமைப்பின்வழி வயதுவந்தோர் வாக்குரிமை பெற்ற இலங்கையில், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த 1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டமும் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கின. எஞ்சியோர் அனைவர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. வாக்குரிமையை இழந்த தலைமுறையும், அதனை நாடிப் பெற்ற தலைமுறையும் ஒரே மொழி பேசுவோரே.

மொழிச் சிறுபான்மையினர் என்னும் வகைப்பாடு

1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் முதலில் எழுத்தறிவுத் தேர்வு போன்ற தடைகளையே குறிவைத்தது. ஆங்கிலத்தில் மட்டுமே தேர்தல் நடத்துவதும் அத்தகைய தடையே என்னும் கருத்து 1975ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஏற்கப்பட்டது. ஹூஸ்டன் நகரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பார்பரா ஜோர்டன் அத்திருத்தத்தின் பாதுகாப்பு டெக்சாஸ் மாநிலத்துக்கும் எட்டுவதற்கு முன்னின்று உழைத்தார். அப்போது சேர்க்கப்பட்ட 203ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவினரான மொழிச் சிறுபான்மையினர் வாழும் மாவட்டங்களில் வாக்குச்சீட்டு உள்ளிட்ட தேர்தல் ஆவணங்கள் அனைத்தையும் அவர்தம் மொழியிலும் வழங்கவேண்டும் என்கிறது. 1992ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, வாக்களிக்கும் வயதுக் குடிமக்களில் ஆங்கிலத்தில் போதிய தேர்ச்சியற்ற ஒரு குழுவினர் 5 விழுக்காட்டுக்கு மேலாகவோ 10,000 பேருக்கு மேலாகவோ இருத்தல் வேண்டும். அன்றியும், அக்குழுவின் எழுத்தறிவின்மை விகிதம் தேசிய விகிதத்தைவிட மிகுதியாதல் வேண்டும். இப்பிரிவு 2006இல் நீட்டிக்கப்பட்டு 2032 வரை நடைமுறையில் உள்ளது.

இச்சட்டம் மொழியின் பெயரால் இயற்றப்பட்டதாயினும் எண்ணிக்கைக்கு மொழியை அடிப்படையாகக் கொள்ளவில்லை. வழித்தோன்றலையே அது அடிப்படையாகக் கொண்டது. 1980ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 'ஆசிய இந்தியர்' என்னும் பிரிவு இடம்பெற்றது. அதன்பின் குஜராத்தி, பஞ்சாபி, வங்காளம், தெலுங்கு, தமிழ் ஆகியவற்றைப் பேசுவோர் அனைவரும் ஒரே குழுவாக எண்ணப்பட்டனர். அக்குழுவுக்கு எந்த மொழியில் ஆவணம் வழங்குவது என்பதை மாவட்டத் தேர்தல் அலுவலரே முடிவு செய்கிறார். 2011இல் முதன்முறையாக மூன்று மாவட்டங்கள் ஆசிய இந்தியர் என்னும் வகையில் 203ஆம் பிரிவுக்குள் வந்தன. சிகாகோ நகரை உள்ளடக்கிய குக் மாவட்டம் இந்தியையும், நியூயார்க்கின் குயின்ஸ் வங்காளத்தையும் தேர்ந்தன. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்திலும் இந்தியே இடம்பெற்றது.

இவ்வகைப்பாட்டால் தமிழர்க்கு இருவகைக் குறை நேர்கிறது. ஒன்று, இந்தியத் தமிழர் பெரியதொரு குழுவின் எண்ணிக்கைக்கு வலுச்சேர்த்தும், அக்குழுவின் மொழியாகத் தமிழ் தேரப்படுவதில்லை. மற்றொன்று, ஈழத்தமிழரும் மலேசியா, சிங்கப்பூர்த் தமிழரும் வேறு வேறு நாட்டுவழியினராகப் பிரித்தெண்ணப்படுகின்றனர். ஒரு மொழி பேசுவோர் நாடுகளின் பெயரால் சிதறுகின்றனர். பல மொழி பேசுவோர் ஒரு நாட்டின் பெயரால் ஒன்றாகின்றனர்.

நியூஜெர்சி: வழித்தோன்றல்வழி எண்ணிக்கை

இதன் விளைவை மிடில்செக்ஸ் மாவட்டத்தில் தெளிவாகக் காணலாம். அம்மாவட்டம் ஆசிய இந்தியர் என்னும் வகையில் 203ஆம் பிரிவுக்கு உட்பட்டது. அங்கு ஆங்கிலம், ஸ்பானியம் ஆகியவற்றுடன் குஜராத்தியிலும் தேர்தல் ஆவணங்கள் வழங்கப்படுகின்றன. குஜராத்தி பேசுவோர் அங்குப் பெருந்தொகையினர் ஆதலின் இத்தேர்வு நியாயமானதே. ஆயினும், தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த முதிய வாக்காளர்க்குக் குஜராத்திச் சீட்டும் ஆங்கிலச் சீட்டும் ஒன்றே.

மொழியைத் தவிர்த்த பிற துறைகளில் நியூஜெர்சி அண்மைக்காலத்தில் விரைந்து சீர்திருந்தியது. ஊர்தி உரிம அலுவலகத்தில் தானாகவே வாக்காளராகப் பதிவுசெய்யும் முறைக்கான சட்டம் 2018இலும், இணையவழிப் பதிவு 2020இலும், வாக்குச்சாவடியில் முன்கூட்டியே நேரில் வாக்களிக்கும் முறைக்கான சட்டம் 2021இலும் வந்தன. ஆக, பட்டியலில் பெயர் சேர்வதிலுள்ள தடை அங்குப் பெரிதும் குறைந்தது. பெயர் சேர்ந்தபின் சீட்டை உணர்ந்து வாக்களிப்பதிலுள்ள தடை தமிழர்க்கு மாறவில்லை.

டெக்சாஸ்: உடன்செல்வோர் உரிமை

டெக்சாஸ் மாநிலத்தின் வரலாறு வேறு தன்மையது. 1902இல் அங்கு வாக்களிப்பதற்குத் தலைவரி விதிக்கப்பட்டது. 1923ஆம் ஆண்டுச் சட்டம் சனநாயகக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் கறுப்பினத்தவர் பங்கேற்பதைத் தடுத்தது. ஹூஸ்டன் பல்மருத்துவர் லோனி சுமித் தொடுத்த வழக்கில் 1944இல் உச்சநீதிமன்றம் வெள்ளையர்க்கு மட்டுமான முதனிலைத் தேர்தலைச் செல்லாதெனத் தீர்ப்பளித்தது. தலைவரி 1966இல் முற்றாக ஒழிந்தது. ஆண்டுதோறும் புதிதாகப் பதிவுசெய்ய வேண்டும் என்னும் விதி 1971இல் நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. தடைகள் ஒவ்வொன்றும் வழக்காடியே அகற்றப்பட்டன என்பது அம்மாநில வரலாற்றின் இயல்பு.

இந்தியவழி வாக்காளர் ஒருவரின் வழக்கும் இம்மரபில் சேர்ந்தது. 2014ஆம் ஆண்டு ஆஸ்டின் நகரை அடுத்த வில்லியம்சன் மாவட்டத்தில், வங்காளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட முதியவர் ஒருவர் தம் மகனுடன் வாக்களிக்கச் சென்றார். மகன் அண்டை மாவட்டத்தில் பதிவுபெற்ற வாக்காளர். 'உதவியாளர்' எனத் தம்மைக் கூறியிருப்பின் சட்டப்படி அவர் உடன்செல்லத் தடையில்லை. தாய்க்கு மொழிபெயர்த்துக் கூற வந்ததாக அவர் சொன்னமையால், 'மொழிபெயர்ப்பாளர் அதே மாவட்டத்தின் வாக்காளராக இருத்தல் வேண்டும்' என்னும் மாநில விதி காட்டப்பட்டு அனுமதி மறுக்கப்பட்டது. தாயால் சீட்டை உரியவாறு உணர்ந்து வாக்களிக்க இயலவில்லை.

பார்வையின்மை, உடற்குறை, எழுதப்படிக்க இயலாமை ஆகியவற்றால் உதவி வேண்டும் வாக்காளர், தம் முதலாளியும் தொழிற்சங்க முகவரும் ஒழிந்த எவரையும் தாமே தேர்ந்து உதவிபெறலாம் என்பது 1982இல் வாக்குரிமைச் சட்டத்தில் சேர்ந்த 208ஆம் பிரிவு. இதன் அடிப்படையில் தொடுக்கப்பட்ட 'ஓசிஏ கிரேட்டர் ஹூஸ்டன் எதிர் டெக்சாஸ்' வழக்கில், 2017 ஆகஸ்ட் மாதம் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் மாநில விதி கூட்டாட்சிச் சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. வாக்களித்தல் என்பது சீட்டில் குறியிடுவது மட்டுமன்று. வாக்கு முறையாக எண்ணப்படுவதற்கு வேண்டிய செயல்கள் அனைத்தும் அதில் அடங்கும் என்பது அத்தீர்ப்பின் கருத்து. வழக்குத் தொடுத்த முதியவர் தீர்ப்பைக் காணுமுன் காலமானார். 2021இல் மாநிலம் உதவியாளர்க்கான உறுதிமொழியைக் கடுமையாக்கிச் சட்டம் இயற்றியது. அதுவும் நீதிமன்றத்துக்குச் சென்றது.

208ஆம் பிரிவுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை என்பது இங்கு முதன்மையானது. ஒரு மாவட்டத்தில் தமிழ்மட்டும் அறிந்தவர் ஒருவரே இருப்பினும் அவ்வுரிமை அவர்க்குண்டு. டல்லாஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் ஆகிய நகர்களைச் சூழ வாழும் தமிழ்க் குடும்பங்கள் இன்றே, எவ்விடத்தும் பயன்கொள்ளத்தக்க காப்பு இதுவே. ஆயினும், அதனை அறிந்த மகனோ மகளோ உடனிருந்தால்தான் அது பயன்படும்.

விரிகுடாப் பகுதி: மொழிவழி எண்ணிக்கை

கலிபோர்னியாவில் கூட்டாட்சிச் சட்டத்துக்கு மேலாக மாநிலச் சட்டமும் உண்டு. அதன்படி, ஒரு வாக்குச்சாவடிப் பகுதியில் வாக்களிக்கும் வயதுடையோருள் 3 விழுக்காட்டினர் ஒரே மொழிச் சிறுபான்மையைச் சேர்ந்து, ஆங்கிலத்தில் போதிய திறனற்றவராயின், அம்மொழியில் மாதிரி வாக்குச்சீட்டு அங்கு வைக்கப்படல் வேண்டும். இங்கு அலகு மாவட்டமன்று, வாக்குச்சாவடிப் பகுதி. எழுத்தறிவின்மை நிபந்தனையும் இல்லை. குடிமக்களோ அமைப்புகளோ தேவையைச் சான்றுடன் எடுத்துரைப்பின் மாநிலச் செயலர் அதனையும் கருதலாம் என்பது அச்சட்டத்தின் மற்றொரு கூறு.

இம்மொழிகளை மாநிலம் குறுகிய வகைப்பாட்டின்படி கணக்கிட்டது எனக் குடியுரிமை அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. 2019ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து, 2020இல் மொழிப்பட்டியல் விரிவுற்றது. தமிழ், தெலுங்கு, குஜராத்தி, நேபாளி முதலியன அதில் இடம்பெற்றன. சான் ஹோசே, சன்னிவேல், குப்பர்ட்டினோ ஆகிய நகர்களை உள்ளடக்கிய சாண்டா கிளாரா மாவட்டத்தில் தமிழ் மாதிரி வாக்குச்சீட்டு இவ்வாறு வந்தது.

இந்த மாதிரிச் சீட்டில் குறியிட்டால் வாக்காக எண்ணப்படாது. தமிழில் வாசித்து அறிந்து, ஆங்கிலச் சீட்டில் குறியிடல் வேண்டும். முழுமையான மொழியுரிமை இதுவன்று எனினும், வேட்பாளர் பதவிப் பெயர்களையும் நேரடி வாக்கெடுப்புக்கு விடப்படும் முன்மொழிவுகளையும் தமிழில் வாசிக்க அரசே வழிசெய்தமை புலம்பெயர் தமிழர் வரலாற்றில் குறிப்பிடத்தக்க நிகழ்வாகும். 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால், அஞ்சல்வழி வாக்களிப்போரும் இத்தகைய மாதிரிச் சீட்டைக் கேட்டுப் பெறும் வாய்ப்பும் உண்டாயிற்று.

பங்கேற்பின் இடர்கள்

அமெரிக்கத் தமிழர் பெரும்பாலும் ஆங்கிலக் கல்வி பெற்றோர். அவர்க்குத் தமிழ்ச் சீட்டு எதற்கு என்னும் வினா எழுவது இயல்பே. இதற்கு விடை குடியுரிமைச் சட்டத்திலேயே உள்ளது. நிரந்தர வசிப்புரிமையுடன் 20 ஆண்டுகள் வாழ்ந்த 50 வயதினரும், 15 ஆண்டுகள் வாழ்ந்த 55 வயதினரும் ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்குப் பெற்று, குடிமையியல் தேர்வுக்குத் தம் மொழியிலேயே விடையளித்துக் குடியுரிமை பெறலாம். பிள்ளைகளின் அழைப்பில் வந்து தங்கிய பெற்றோர் பலர் இவ்வகையினர். ஆங்கிலம் வேண்டா எனக் கூறிக் குடிமக்களாக ஏற்ற அரசு, ஆங்கிலச் சீட்டை மட்டும் அவர்தம் கையில் தருதல் முரணாகும்.

தமிழகத்தில் வாக்களித்துப் பழகியோர்க்கு அமெரிக்க முறை வேறு வகையிலும் அயலானது. 1951–52ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் முதல் எழுத்தறியாதாரும் அறியுமாறு இந்தியத் தேர்தல்களில் சின்னங்கள் அமைந்தன. உதயசூரியனையும் இரட்டை இலையையும் கண்டு வாக்களித்தவர், ஒரே சீட்டில் நாட்டுத் தலைவர் முதல் பள்ளி வாரிய உறுப்பினர் வரை பல பதவிகளும், சட்டநடையில் அமைந்த முன்மொழிவுகளும் நிறைந்த நீண்ட பட்டியலை எதிர்கொள்கிறார். இந்தியாவில் அலுவலர் வீடுதோறும் வந்து பெயர் சேர்ப்பர். வாக்குப்பதிவு நாள் விடுமுறையாகும். அமெரிக்காவில் பதிவுப் பொறுப்பு பெரிதும் குடிமகனையே சார்ந்தது. தேர்தல் 1845ஆம் ஆண்டுச் சட்டத்தால் வகுக்கப்பட்ட செவ்வாய்க்கிழமையில், நாடு தழுவிய விடுமுறையின்றி நடைபெறுகிறது. டெக்சாஸில் 30 நாள்களுக்கு முன்பே பதிவு முடிந்துவிடுகிறது. ஆதலின், முதியோர் வாக்களியாமையை ஆர்வமின்மை என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது.

எண்ணிக்கையில் மற்றோர் இடரும் உண்டு. 203ஆம் பிரிவுக்கான தரவுகள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 35 இலட்சம் முகவரிகளுக்கு அனுப்பப்படும் அமெரிக்கச் சமுதாய ஆய்விலிருந்து பெறப்படுகின்றன. வீட்டில் பேசும் மொழி எது, ஆங்கிலம் எவ்வளவு பேச வரும் என அது வினவுகிறது. 'மிக நன்றாக' என்பதன்றி வேறு விடை அளித்தவரே போதிய தேர்ச்சியற்றவராகக் கொள்ளப்படுவர். 2016 வரை அதன் விரிவான அட்டவணைகளில் தமிழ் 'பிற ஆசிய மொழிகள்' என்னும் தொகுப்பில் மறைந்திருந்தது. அவ்வாண்டு முதலே தனிமொழியாகக் காட்டப்பட்டது. பிள்ளைகள் பெற்றோர்க்காகப் படிவம் நிரப்பும்போது, மதிப்புக் கருதி 'மிக நன்றாக' எனக் குறிப்பின், அம்முதியவர் தேவையுடையோர் கணக்கிலிருந்தே நீங்கிவிடுகிறார்.

முடிவுரை

மூன்று மாநிலங்களின் வரலாறும் மூன்று வகைக் காப்புகளைக் காட்டுகின்றன. வழித்தோன்றலை எண்ணும் இடத்தில் தமிழ் மறைகிறது. இது நியூஜெர்சியின் நிலை. எண்ணிக்கையைக் கருதாது தனிமனிதர் உரிமையைக் காக்கும் இடத்தில் உடன்செல்வோர் குரலாகத் தமிழ் ஒலிக்கிறது. இது டெக்சாஸ் வழக்கால் உறுதிப்பட்டது. மொழியைச் சிற்றெல்லைக்குள் எண்ணும் இடத்தில் தமிழ் எழுத்தாகவே வாக்குச்சாவடியை எட்டுகிறது. இது சாண்டா கிளாராவில் நிகழ்ந்தது. இவற்றுள் ஒன்றும் தமிழர் இயக்கத்தால் மட்டும் விளைந்ததன்று. கறுப்பினத்தவரும் ஸ்பானிய மொழியினரும் பிற ஆசியரும் வென்ற உரிமைகளின் நீட்சியே தமிழ்ச் சீட்டு.

இனி ஆற்றவேண்டிய பணிகளுள் தமிழ்ச் சங்கங்களும் தமிழ்ப்பள்ளிகளும் மேற்கொள்ளத்தக்கவை மூன்று. கணக்கெடுப்புப் படிவத்தில் மொழி வினாவுக்கு உண்மையான விடை அளிக்க முதியோர்க்கு உதவுதல் முதலாவது. 208ஆம் பிரிவின் உரிமையைக் குடும்பங்கள் அறியச்செய்தல் இரண்டாவது. மொழிபெயர்ப்பில் வழங்கும் தேர்தற் சொற்களைத் தமிழகம், ஈழம், மலேசியா ஆகிய நாட்டுத் தமிழர் அனைவர்க்கும் விளங்குமாறு சீர்மைப்படுத்தல் மூன்றாவது; இது தமிழாய்வுலகின் நேரடிக் கடமையுமாகும். மூன்றாம் பணி நிறைவேறாவிடின், தமிழில் அச்சிட்ட சீட்டும் வாசிப்பார்க்கு விளங்காமற் போகக்கூடும்.